சும்மா கொடுப்பதற்கும் ஒரு கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கியூபெக்கில் நாங்கள் வசிக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில், தவம் அண்ணையின் மளிகைக் கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். ஒரு பெண் கண்ணை மூடிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே எப்படி வந்து சேர்ந்தோம்? விளம்பரத்தால்தான். அதை எழுதியவன் நான். ‘அரிசி மூட்டை வாங்குங்கள், கொழும்புக்குப் போய்வர விமான ரிக்கெற் வெல்லுங்கள்!’ தவம் அண்ணைக்கு நல்ல சந்தோஷம். எதிர்ப்பக்கம் புது மளிகைக் கடை வந்ததிலிருந்து அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பு மகள் மதுரா அதை வாசிக்கும் வரைதான். மதுரா சட்டம் படிக்கிறாள்.

“அப்பா, இது லொத்தர். காசு குடுத்தாத்தான் சேரலாம், அதிர்ஷ்டம் இருந்தாத்தான் வெல்லலாம் எண்டா அது லொத்தர். லைசென்ஸ் இல்லாமல் நடத்தேலாது.”

“நான் பரிசுதானே பிள்ளை குடுக்கிறன்? களவே எடுக்கிறன்?”

“சாமான் வாங்காத ஆக்களும் சேர வழி இருக்கோணும். வெண்ட ஆள் ஒரு கணக்குக்கு விடை சொல்லோணும். அப்பத்தான் முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, கொஞ்சம் திறமையும் இருக்கு எண்டு வரும். ஒருத்தரும் உதவி செய்யக் கூடாது. விளம்பரம் பிரெஞ்சிலயும் இருக்கோணும்.”

முன்பெல்லாம் பெரிய கம்பனிகளின் போட்டி விளம்பரங்களில், அடியில் பொடி எழுத்தில் ‘கியூபெக்வாசிகளுக்கு அல்ல’ என்று இருக்கும். எங்கள் மீது என்ன கோபம் என்று யோசித்திருக்கிறேன். இப்போது விளங்குகிறது... இங்கத்தைய விதிகளைப் பார்த்து அவர்களுக்கும் களைத்துப் போயிருக்கும்.

நானும் களைத்துத்தான் விளம்பரத்தைத் திருத்தினேன். மூன்று தரம்.

குலுக்கலில் வந்த பெயர் மரியபுஷ்பம். மன்னார்க்காரி. இங்கே துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கி, கை மணிக்கட்டு நோவெடுத்து வேலையை விட்டவர். கடையில் எதுவும் வாங்காமல், குலுக்கல் பெட்டியில் பெயர்த் துண்டு மட்டும் எழுதிப் போட்டவர். மன்னாரில் அவருடைய தங்கைக்குச் சிறுநீரகம் பழுது. இங்கே வந்தபின் இருவரும் நேரில் கண்டதில்லை.

மதுரா கேள்வியை வாசித்தாள். “எட்டை மூண்டால பெருக்கி, நாலைக் கூட்டி, இரண்டால பிரிச்சா எவ்வளவு?”

மரியபுஷ்பத்தின் உதடு அசைந்தது. நின்றது. திரும்பவும் முதலிலிருந்து அசைந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் எழுப்பி விட்ட பிள்ளைபோல நின்றார். தங்கையைப் பார்க்கப் போவதற்கு எதற்கு இந்தச் சோதனை?

அப்போது ஒரு குரல் கேட்டது. “பதினாலு.”

திரும்பிப் பார்த்தோம். தவம் அண்ணை. பரிசு கொடுக்கிறவரே விடையையும் கொடுத்துவிட்டார்.

“அப்பா...” மதுரா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப இது செல்லாது.”

“பாவமடி. பார்த்துக்கொண்டு நிக்கேலாமல் கிடந்துது.”

கூட்டத்தில் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். அந்தப் பதிலையே எடுக்கலாம் என்றார் ஒருவர். வேறு பெயர் எடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மரியபுஷ்பம்தான் கை காட்டி நிறுத்தினார்.

“வேற கணக்குக் கேளுங்கோ, பிள்ளை. அண்ணை சொன்ன விடையோட போனா எனக்கு மனம் ஆறாது. ஆனா ஒருத்தரும் என்னைப் பார்க்காதேங்கோ.”

மதுரா சற்று யோசித்தாள். “பிழை எங்கட பக்கம். புதுக் கணக்குக் கேக்கலாம்.”

ஐம்பதில் பதினெட்டைக் கழித்து, நாலால் பிரித்து, ஐந்தைக் கூட்ட வேண்டும். நாங்கள் எல்லோரும் பருப்பு அடுக்கிய ராக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தவம் அண்ணை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

“பதின்மூண்டு,” என்றார் மரியபுஷ்பம். சொல்லிவிட்டு அரிசி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதார்.

இப்போது அவர் மன்னாரில். தங்கையின் கட்டிலில் இருவரும் சேர்ந்திருக்கும் படம் தவம் அண்ணையின் போனுக்கு வந்திருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

ஆனால் கதை அங்கே முடியுமா? பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வருவதை விட்டுவிட்டார். “இவ்வளவு காலமாச் சாமான் வாங்கினது நாங்கள். ஒண்டும் வாங்காத ஆளுக்கு ரிக்கெற். அதிலயும் இரண்டு தரம் கேள்வி.” அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சட்டத்தைச் சொன்னேன். கோபமாக இருக்கிறவருக்குச் சட்டம் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள்.

நேற்று தவம் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். குரலில் பழைய உசார் இல்லை.

“தம்பி, இனிப் போட்டியும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். வருஷப் பிறப்புக்கு எல்லாருக்கும் ஒரு கலண்டர் சும்மா குடுப்பம். அதுக்குக் கணக்குக் கேக்கத் தேவையில்லைத்தானே?”

தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் மதுராவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்த விளம்பரத்தை எழுதலாம் என்றிருக்கிறேன்.