சுவருக்கு மேலே தெரியும் அலை

அவரை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் ஒரு விரலை உயர்த்துவார். உடனே நான் கையை நிறுத்த வேண்டும். வாளியில் துணியைப் பிழியக் கூடாது, செருப்பைத் தேய்த்து நடக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கும். தூரத்துப் பவளப்பாறைத் திட்டில் ஓர் அலை 'தொம்' என்று விழும். கண்ணை மூடிக்கொண்டு உதடு அசையாமல் எண்ணுவார். அடுத்த 'தொம்' கேட்டதும் விரல் இறங்கும்.

"பதினொண்ணு. சுமார்தான். நீங்க தேய்ங்க, சிஸ்டரம்மா."

இரண்டு அலைக்கு நடுவில் எத்தனை வினாடி என்பதுதான் கணக்கு. இடைவெளி கூடக் கூட அலை எங்கோ தொலைவில் அடித்த புயலில் பிறந்தது என்று அர்த்தம். அது கனமாக வரும், பாறையில் கால் தட்டியதும் எழும்பி நிற்கும். இடைவெளி குறைந்தால் பக்கத்துக் காற்று கிளப்பிவிட்ட சில்லறை அலை. இதையெல்லாம் நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்வதில் அவருக்கு அலுப்பே வராது.

கடற்கரையில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். விடிந்த சற்று நேரத்தில் அவர் குரல் படகுக்காரர்கள், விடுதிக்காரர்கள், பலகை வாடகைக்கு விடுகிறவர்கள், அலைச்சறுக்குப் பழக வந்தவர்கள் என்று எல்லோர் போனுக்கும் போய்விடும். இப்படி இருக்கும்: "வணக்கம். காத்து கரையிலேர்ந்து, மெல்ல. பத்து மணிக்கு மேல திரும்பிரும். தண்ணி ஏறிட்டிருக்கு. அலை டீச்சர் நெஞ்சளவு, கூட்டம் கூட்டமா வருது, கூட்டத்துக்கு நாலஞ்சு அலை. நடுவுல நல்ல ஓய்வு இருக்கு, அதைப் பாத்து ஏமாறாதீங்க. கடைசிப் பாறை மண்டையை நீட்டிட்டு இருக்கு. அவ்வளவுதான்."

டீச்சர் என்பது அவர் மனைவி. அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறவள். குள்ளமாக, கட்டையாக, வெயிலில் வறுத்த மாதிரி இருப்பாள். முன்பு அவர் தன் உடம்பை வைத்துத்தான் அலையை அளந்து சொல்வாராம். அவர் நல்ல உயரம். அவருடைய இடுப்பளவு என்று நம்பிப் போனவர்கள் கழுத்தளவில் தத்தளித்துத் திரும்பி வந்து திட்டியதில், அளவுகோலை மனைவிக்கு மாற்றிவிட்டார். இப்போது முழங்கால், இடுப்பு, நெஞ்சு, தலை எல்லாம் அவளுடையது. புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் அவளைக் காட்டிவிட்டுத்தான் படகில் ஏற்றுவார்கள்.

போகலாமா, கூடாதா என்று மட்டும் சொல்ல மாட்டார். போன் செய்து கெஞ்சுகிறவர்கள் உண்டு.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க, போகட்டுமா?"

"கடல் என்ன பண்ணுதுன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல உன் கால் உன்னோடது, தம்பி."

அவருடைய கால் போன கதையையும் இதே குரலில்தான் சொல்வார். "தண்ணி வத்தியிருந்துச்சு. நான் பாக்கல. தலைகீழா விழுந்தேன். அவ்வளவுதான்." முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. காலை வேலைக்கு நான் போகிறேன். துடைப்பது, திருப்புவது, மூத்திரப் பையை மாற்றுவது, தோலைப் பார்ப்பது, நாற்காலியில் ஏற்றுவது. முதல் நாளே எல்லை பிரித்துவிட்டார். "இடுப்புக்குக் கீழ உங்க டிபார்ட்மெண்ட், சிஸ்டரம்மா. மேல என்னுது. ஒருத்தர் வேலைல ஒருத்தர் தலையிட வேண்டாம்." கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், சூடு தெரியும், ஈரம் தெரியும் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தன் தொடையைக்கூட வேறு யாருடையதோ போல விரல் நுனியால் தள்ளுவார்.

நாற்காலிக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. முன்னறைக் கதவுக்கு உள்ளே, தரையில் ஒட்டியிருக்கும் இரண்டு சிவப்பு டேப் துண்டுகளின் மேல் சக்கரங்கள் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் முற்றம், முற்றத்தின் முடிவில் மதில் சுவர், சுவரின் தலைக்கு மேல் ஒரு பட்டையாகக் கடல். அந்தப் பட்டைக்குள்தான் பாறைத் திட்டு. சுவரைக் கொஞ்சம் குறைத்துத் தரும்படி வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"குறைச்சா திருடன் வருவான், சார்."

"வரட்டுமே. வந்தா சொல்றேன், எத்தனை பேரு, எவ்வளவு உயரம்னு."

சுவர் குறையவில்லை.

போன மாதம் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குப் பதிலாக ஏஜென்ஸி ஒரு பெண்ணை அனுப்பியது. திரும்பி வந்த அன்று வாசல் படியில் டீச்சர் நின்றிருந்தாள். பக்கத்தில் நாலு மாணவர்கள், நாலு பலகைகள்.

"வாங்க பெரியம்மா. உள்ள போய் உங்க ஆளைப் பாருங்க. ஒரு வாரமா ரேடியோ சரியில்ல."

"உடம்புக்கா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. சொல்றதுதான் எல்லாம் சின்னதா இருக்கு. இடுப்புன்னு சொல்றாரு, போனா நெஞ்சு வரைக்கும் நிக்குது. விடுதிப் பையன் ஒருத்தன் பாறைல காலைத் தேய்ச்சுட்டு வந்தான். நான்தான் பல் பிரஷ்ஷை வச்சு காயத்துல இருந்த மண்ணைத் தேய்ச்சு எடுத்தேன். ஊரே கேக்குற மாதிரி கத்தினான். 'யாரு இடுப்புண்ணே அது, தென்னை மரத்து இடுப்பா?'ன்னு இவர்கிட்டயே கேட்டுட்டுப் போனான்."

"இவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

இன்றைக்கு இடுப்பளவு என்று சொல்லியிருக்கிறார், நெஞ்சளவே வந்தாலும் சமாளிக்கலாம், இவர்களைப் பாறையோரத்து அலையில் விட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

உள்ளே அவர் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தார். செய்தி போய்விட்டது. மடியில் கண் மருந்துக் குப்பி கிடந்தது.

"இது எதுக்கு?"

"சும்மா, தூசி."

"தூசிக்கு ஒரு குப்பி காலியா?"

நான் பையை இறக்கி வைத்துக் கையைக் கழுவினேன். அதற்குள் அவரே ஆரம்பித்தார். வழக்கமான உரத்த குரல் இல்லை.

"காது ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுது, சிஸ்டரம்மா. படுக்கைல எண்ணினேன், பதினாறு வருது. பதினாறுன்னா பெரிய சரக்கு. இங்க வந்து பாத்தா இத்துனூண்டு. நான் கண்ணை நம்பித்தான் சொல்றேன். எப்பவும் அப்படித்தான்." குப்பியை உருட்டிக்கொண்டிருந்தார். "கால் போச்சு, நாற்காலி குடுத்தீங்க. கண்ணு போனா என்ன குடுப்பீங்க?"

டாக்டரிடம் போகலாம் என்றேன். போனால் தெரிந்துவிடுமே என்றார். இந்தக் காலைச் செய்தி ஒன்றுதான் அவர் கையில் மிச்சமிருக்கும் வேலை. அதற்காகத்தான் முகம் கழுவுகிறார், சட்டை மாற்றுகிறார், சாப்பிடுகிறார். அது போய்விட்டால் இந்த மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்படிப் படுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அன்று என் கண்ணில் பட்டது வேறு. அவருடைய முழங்கால்கள் வழக்கத்தைவிட மேலே இருந்தன. தோள் நாற்காலியின் கைப்பிடிக்கு நெருங்கியிருந்தது. ஆள் சிறுத்துப்போன மாதிரி இருந்தார். குனிந்து அவருக்குக் கீழே கையை விட்டேன். அவர் உட்காரும் காற்று மெத்தையில் காற்று இல்லை. என் விரல்களுக்கு மேலே அவர் எலும்பு, கீழே நாற்காலிப் பலகை.

"எப்பக் கடைசியா காத்து அடிச்சாங்க?"

"எனக்கென்ன தெரியும்? உங்க டிபார்ட்மெண்ட்."

அந்தப் பெண் ஒரு வாரமும் அடிக்கவில்லை போலிருக்கிறது. எங்கோ மெல்லக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. தினம் ஒரு நூல், இரண்டு நூல் என்று இறங்கினால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, அதுவும் இவருக்கு. முதலில் காற்று, அப்புறம் படுக்கவைத்துத் தோலைப் பார்ப்பது என்று முடிவு செய்து பம்பை எடுத்து மிதித்தேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தார். உயர்ந்தது இரண்டு விரல்கடைதான் இருக்கும்.

"சிஸ்டரம்மா." குரல் மாறியிருந்தது. "சுவரை யாரு இடிச்சது?"

நானும் திரும்பிப் பார்த்தேன். சுவர் அங்கேயேதான் இருந்தது. அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாழத் தாழ, சுவர் அலையின் காலைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. இங்கே இரண்டு விரல்கடை இறங்கினால் அங்கே அரை ஆள் உயரம் மறைந்துவிடும். ஒரு வாரமாக அலையின் தலையை மட்டும் பார்த்து முழு அலை என்று அளந்திருக்கிறார்.

அப்போது கடல் ஓய்ந்திருந்தது. ஒரு நிமிஷம் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பிறகு தொடுவானத்தில் ஒரு கோடு கறுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. முதல் அலை பாறையில் ஏறி எழுந்து நின்றதை இந்த முறை கால் முதல் தலை வரை பார்த்தோம். அது கவிழ்ந்து விழுந்த சத்தம் சற்றுப் பிந்தி வந்தது.

"தலைக்கு மேல," என்றார். "அவ தலைக்கு எவ்வளவோ மேல."

பாறைத் திட்டுக்கு இந்தப் பக்கம், உள்தண்ணீரில் டீச்சரும் நாலு பேரும் முழங்கால் ஆழத்தில் பலகையை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். பாறைகளுக்கு நடுவே வெளிக்கடலுக்குப் போகும் ஆழமான வழி இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கே படகுக்காரர் காத்திருந்தார். அவர் போன் எப்போதும் பிளாஸ்டிக் உறையில் கழுத்தில் தொங்கும். ரேடியோ தன் போனை எடுத்தார், பட்டனை அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார், விட்டார். ஒருமுறை அனுப்பிய செய்தியை அவர் திருத்தியதே கிடையாது. இத்தனை வருஷமாக அதுதான் அவருக்குப் பெருமை.

"பேசுங்க," என்றேன். "மானத்தை அப்புறம் துடைச்சுக்கலாம். அதுவும் என் டிபார்ட்மெண்ட்தான்."

பேசினார். "நான் காலைல சொன்னது தப்பு. ஒரு வாரமா சொன்னது எல்லாமே தப்பு. அலை டீச்சர் தலைக்கு மேல, ரொம்ப மேல. ஓய்வு நீளமா இருக்கு, நம்பாதீங்க. பழக வந்தவங்க..." அங்கே நின்றார். "பழக வந்தவங்க யாரும் போகக் கூடாது. டீச்சர், திருப்பு."

படகில் ஓர் உருவம் எழுந்து நின்றது. சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றியது. நாலு பலகைகள் கரைப் பக்கம் திரும்பின. ஐந்தாவது திரும்பவில்லை.

"பாத்தீங்களா, அவ மட்டும் போறா."

"அவங்க கால் அவங்களோடது," என்றேன். "சரி, வாங்க, படுக்கணும். தோலைப் பாக்கணும்."

"ஒரே ஒரு அலை."

ஒன்றுக்குச் சம்மதித்தேன். அடுத்த கூட்டத்தின் கடைசி அலையை அவள் எடுத்தாள். இந்தத் தூரத்துக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அலைச்சுவரில் சறுக்கிக்கொண்டே ஒரு கையை நேராக உயர்த்திக் காட்டினாள். அலையின் உச்சி அந்தக் கைக்கும் மேலே இருந்தது. இவர் தலையாட்டினார். கண் மருந்துக் குப்பியை என்னிடம் நீட்டினார்.

படுக்கவைத்துப் பார்த்தேன். வால் எலும்பின் மேல் நாணயம் அளவுக்குச் சிவப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் வெளுக்க மறுத்தது. தோல் கிழியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் புண்ணாகி, மாதக்கணக்கில் குப்புறப் படுத்திருப்பார்.

"சிவப்பு போற வரைக்கும் உக்காரக் கூடாது."

"அதுவரைக்கும் கடல் லீவு விடுமா?"

"கடல் விடாது. நான் விடுறேன்."

டீச்சர் தலை சொட்டச் சொட்ட வந்து நின்றாள். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல மெத்தையைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கண்ணு போச்சுன்னு ஒரு வாரமா மனசுக்குள்ளயே ஒப்பாரி. போனது பின்பக்கத்துக் காத்து!" என்று சிரித்தவள், குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். பிறகு பலகை ஒட்டும் பசையோடு மெத்தையிடம் வந்தாள். நான் தடுத்துவிட்டேன். சைக்கிள் கடையில் கொடுத்து ஒட்டுப் போட்டோம்.

படுக்கையில் இருந்த நாட்களிலும் செய்தி போனது. "இன்னிக்கு நான் பாக்கல. படுத்திருக்கேன். சத்தம் மட்டும் சொல்றேன், பதினஞ்சு. மத்ததை நீங்களே போய்ப் பாத்துக்கோங்க." அவ்வளவு சின்னச் செய்தியை அவர் அனுப்பியதில்லை. அந்த நாட்களில்தான் அதிகம் பேர் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். தென்னை மர இடுப்பு கேட்ட பையனும் கட்டுப்போட்ட காலோடு வந்து, நாற்காலியில் தான் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சுவர் கொஞ்சம் மறைக்குதுண்ணே," என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போனான்.

சிவப்பு மறைந்தது. ஏற்றி உட்காரவைத்தேன். சக்கரங்கள் டேப்பின் மேல் நின்றன. போன் தொடையின் மேல் இருந்தது. சுவருக்கு மேலே கடல் வெளுத்துக்கொண்டிருந்தது. போனை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. இடது கையால் கைப்பிடியை அழுத்தி உடம்பை ஒரு பக்கம் சாய்த்தார். வலது கையை, உள்ளங்கை மேலே பார்த்திருக்க, தனக்கும் மெத்தைக்கும் நடுவில் மெல்ல நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, அலைச் சத்தம் கேட்கும்போது இருப்பது போலவே, சற்று நேரம் அசையாமல் இருந்தார்.