முதல் கட்டத்தில் போட்ட டிக்

நான் இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படித்தபோது நைனா வேலை செய்யும் தொழிற்சாலையில் குடும்ப நாள் வைத்தார்கள். வரதய்யபாளையத்திலிருந்து கம்பெனி பஸ்ஸிலேயே போனோம். நைனா வருடக்கணக்காகத் தூக்கிய அட்டைப் பெட்டிகளை மஞ்சள் கம்பிக் கூண்டுக்குள் ஓர் இயந்திரக் கை அடுக்கிக்கொண்டிருந்தது. இதற்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "மெகாட்ரானிக்ஸ் படிச்சவங்க," என்றார் சுற்றிக்காட்டியவர். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

திருப்பதியில் அந்தப் படிப்பிலேயே சேர்ந்தேன். கடைசி வருடம் ஆறு மாதப் பயிற்சிக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. படிவத்தில் மெக்கானிகல், எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ்தான் இருந்தன. இவை மூன்றும் கலந்த எங்கள் படிப்பின் பெயரே இல்லை. கல்லூரி அலுவலரைக் கேட்டேன்.

"ஏதோ ஒகட்டி பெட்டம்மா, எதுனா ஒண்ணுல டிக் போடு, பின்னாடி எவ்ளோ பேர் நின்னுக்கினு கீறாங்க பாரு!"

அவசரக்காரி நான், முதல் கட்டத்தில் டிக் போட்டேன். பின்னால் நின்ற சந்திரகிரிக்கார வகுப்புத் தோழி நிதானமாக மூன்றாவதில் போட்டாள். அவளுக்கு ரோபோ பிரிவு கிடைத்தது. எனக்குத் தகட்டை அச்சில் அழுத்தி வளைக்கும் பிரஸ் பிரிவு.

தகட்டை வைத்துவிட்டு இரண்டு பச்சைப் பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கவேண்டும். விரல் உள்ளே மாட்டாமலிருக்க இந்த ஏற்பாடு. அச்சு இறங்கி முடியும்வரை மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. இரண்டு மாதமாக இதே வேலை. பிரிவு மாற்றக் கேட்டால், "ரெகார்டுல மெக்கானிகல்னு கீதும்மா. அந்தப் பிரிவு இன்ஜினியரே உன்னக் கேட்டாத்தான் உண்டு," என்றார் எச்.ஆர். அக்கா.

நைனா வீட்டில் சிரித்தார். "கூண்டு அந்த மிஷினுக்குத்தான்னு நெனச்சேன், உனக்கும் போட்டுட்டாங்களே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் கேன்டீனில் தோழி, "இன்னாடி, இன்னும் அமுக்கிக்கினே கீறியா?" என்றாள்.

"நீ இன்னா கிழிச்சிக்கினு கீற?"

"எங்க ரோபோ அப்பப்போ மொரண்டு புடிச்சி நின்னுடுதுடி. ஏன்னு எவனுக்கும் தெரியல."

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் பாதியை அவள் ரோபோவின் கூண்டுக்கு வெளியே நின்று கழிக்கிறேன். பளபளக்கும் உறை சுற்றிய பெட்டி வந்தால் மட்டும் நிற்கிறது. எதிரிலுள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பெட்டி மறைத்தால்தான் சென்சாருக்குப் பெட்டி வந்தது தெரியும்; பளபள உறையில் பட்டும் ஒளி திரும்பி வருவதால், பெட்டியே இல்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. சென்சாரைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் போதும் என்று தோன்றுகிறது.

இதைப் படமாக வரைந்துவிட்டேன். மேலே என் பெயர், அதற்குக் கீழே படிப்பு: மெகாட்ரானிக்ஸ். நாளை ரோபோ பிரிவு இன்ஜினியர் டீ குடிக்க வரும்போது தாளை அவர் முன்னால் வைத்து, சென்சாரைத் திருப்பிப் பார்க்கப் பத்து நிமிடம் கேட்கப்போகிறேன்.