மைமூனின் இடது கண்ணைப் பார்க்க தனுஷ்கோடி வரை

ராமேசுவரம் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் தீர்த்தமாடப் போகிறார்கள். சென்ற மாசி மாதம் நான் போனது ஒரு குழந்தையின் இடது கண்ணைப் பார்ப்பதற்காக.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் கண் டாக்டராக இருக்கிறேன். சிறு குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஓர் அரிய புற்றுநோயைப் பற்றி அங்கே ஆராய்ச்சி செய்கிறோம். பெரியபட்டினத்து மைமூனுக்கு இரண்டு வயதில் வலது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. வார்டில் இருந்த நாளெல்லாம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். அடுத்த கண்ணிலும் நோய் தலைகாட்டலாம் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரு வருடம் ஒழுங்காக வந்தார்கள், பிறகு வரவேயில்லை. இப்போது அவளுக்கு ஐந்து வயதாகியிருக்கும். ஆராய்ச்சிக்காக என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். அவளைப் பார்க்க ஏக்கமாக இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து பெரியபட்டினம் பன்னிரண்டு மைல்தான். ஆனால் மணல் பாதையில் பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. வீட்டில் மைமூனின் பெரியம்மா மட்டும் இருந்தார்.

"புள்ளையக் கூட்டிக்கிட்டு விடியமுன்னயே கிளம்பிட்டாகளே! இன்னைக்குக் கப்பல்ல கொழும்புக்குப் போறாக. அவுக வாப்பா அங்கன கடை வச்சிருக்காக."

வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். நான் ராமநாதபுரம் ரயில் நிலையத்துக்குள் ஓடியபோது, கப்பலுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் போட் மெயில் நகரத் தொடங்கியிருந்தது. கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டு, மண்டபம் நிலையத்தில் வண்டி நின்றதும் பெட்டி பெட்டியாகத் தேடினேன்.

ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இருந்தார்கள். குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு எதிரே இருந்தவர் வேறு இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவளுடைய உம்மா ரஹ்மத் அவளை மடியோடு அழுத்திக்கொண்டார்.

"இந்தக் கண்ணையும் எடுத்துருவீகளோன்னு பயந்துதான் வரல, டாக்டரம்மா."

"ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் எடுக்காமல் வைத்தியம் பண்ணப் பார்க்கலாம், ரஹ்மத். பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து."

அவர் பிள்ளையை அழுத்தியிருந்த பிடியைத் தளர்த்தினார். "கப்பல் ஏறுமுன்ன முடிஞ்சிருமா?"

"முடித்துவிடலாம்."

மைமூன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உம்மா, இது யாரு?" என்றாள்.

இரண்டு மூன்று வயதில் நடந்தது எந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்? ஆஸ்பத்திரியை மறந்தாளே, அதுவே நல்லது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். கத்தித் தீர்த்துவிட்டாள். தனுஷ்கோடி போய்ச் சேர்வதற்குள் கண்ணின் பாப்பா நன்றாக விரிந்திருந்தது. நிலைய அதிகாரி பார்சல் அறையைத் திறந்துவிட்டார். கதவைச் சாத்தி இருட்டாக்கி, கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே, கண் பார்க்கும் கருவியின் சின்ன விளக்கை வைத்துப் பார்த்தேன். ஓரம் ஓரமாக, இரண்டு தடவை.

"ஒன்றும் இல்லை, ரஹ்மத். கண் சுத்தமாக இருக்கிறது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். கொழும்பில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது காட்டச் சொன்னேன். "இன்ஷா அல்லாஹ், நானே தூக்கிட்டுப் போயிக் காட்டுறேன்" என்றார்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: குடிதண்ணீரை ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாலத்தில் காற்று பலம், பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைக்காதீர்கள். பயணச் சீட்டும் விசாவும் இல்லாதவர்களைத் துறைமேடையில் கயிற்றுக்கு அப்பால் விடுவதில்லை. அதனால், வழியனுப்பப் போகிறவர்கள் பேச வேண்டியதை ரயிலிலேயே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை.

கப்பலில் ஏறியதும் மைமூன், வெயில் கூசிய கண்ணுக்கு ஒரு கையை நிழலாகப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கையாட்டினாள். கூலியாட்களுக்கு, கம்பியில் இருந்த காக்கைக்கு, கயிற்றுக்கு இப்பால் நின்ற எனக்கும். கப்பல் புள்ளியாகிற வரைக்கும் நானும் ஆட்டிக்கொண்டே நின்றேன்.