அக்காவின் கதையும் ஆங்கிலேயரின் பெயரும்

என் நாவலைப் பற்றி யார் எழுதினாலும் ஓர் ஆங்கில நாவலாசிரியரை இழுக்காமல் விடமாட்டார்கள். செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன மனிதர். கதையை நடுவில் தொடங்குவார், முடிவை முன்னால் சொல்வார், போகிற போக்கில் வேறெங்கோ திரும்பிவிடுவார். நாவல் என்பதையே புரட்டிப் போட்டவர் என்கிறார்கள். இருக்கட்டும். என் நாவலை எழுதியபோது நான் அவரை ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

நான் கேட்டதெல்லாம் என் அக்கா சொன்ன கதைகள். கேளம்பாக்கத்திலிருந்து நாவலூருக்கு இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போவோம். அவளுக்கு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்த படத்தைத் திங்கட்கிழமை ஆட்டோவில் சொல்வாள். வழியில் படூரில் இறங்குகிறவளுக்குக் கிளைமாக்ஸ் முதலில். அங்கே ஏறுகிறவளுக்கு நடுவிலிருந்து. இடையில் வில்லனை நிறுத்திவைத்துவிட்டுத் தன் சூப்பர்வைசரைக் கிழிப்பாள். ஒருத்தருக்கும் குழம்பாது. அந்த வித்தையைத்தான் அப்படியே திருடினேன். எழுதியதைப் படித்துக் காட்டியபோது, "இன்னாடா, நான் சொல்ற மாதிரியே கீது" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

வெளியீட்டு விழாவுக்கு லீவு போட்டுவிட்டு, பட்டுப்புடவை கட்டி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் ஒருவர் முக்கால் மணி நேரம் அந்த ஆங்கிலேயரைப் பற்றியே பேசினார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அவரிடம்தானே கற்றீர்கள்?" என்றார். ஷேர் ஆட்டோவில் கற்றேன் என்றால் சிரிப்பார்களோ என்று பயம். வெட்கங்கெட்டவன், "ஆமாம், அவர்தான் என் ஆசான்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டா, அந்த வெள்ளக்காரன் எந்த ஸ்டாப்ல ஏறுனான்?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆட்டோவில் ஒருத்தி, "இன்னாக்கா, நேத்து படம் பாக்கலியா?" என்றாள். "பாத்தேன். சொல்ற மாதிரி இல்ல" என்றாள் அக்கா. அதற்கடுத்த வாரமும் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

அப்புறம்தான் அந்த ஆங்கிலேயரை வாங்கிப் படித்தேன். பெரிய ஆள்தான், அதுவும் எரிச்சலாக இருக்கிறது. இரண்டாவது நாவலுக்கு அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். மூன்று வருஷமாகிறது, பத்துப் பக்கம் தேறவில்லை. பக்கத்து அறையில்தான் அக்கா இருக்கிறாள். ஒரு கதை சொல் என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.