துளசி உட்கார்ந்த பலகை

என் பால்கனியில் ஒரு தேக்குப் பலகை இருக்கிறது. நீளம் இரண்டடி மூன்றங்குலம், அகலம் ஒன்பதங்குலம். பழைய கட்டில் ஒன்றிலிருந்து அதை அளந்து அறுக்கச் சொன்னவன் நான்தான். அதன்மேல் பூந்தொட்டி வைக்கலாமே என்று மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். நான் சம்மதிக்கவில்லை.

அது கீழ்வீட்டு ஆபரேட்டரம்மாவின் பூனைக் கூண்டில் இருந்த பலகை. தொலைபேசி நிலையத்தில் வெளியூர் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகியும் மேற்கு மாம்பலத்தில் எங்கள் எட்டு வீட்டுக் குடியிருப்பில் அவருக்கு அதுதான் பெயர். தனியாக வாழ்ந்தார். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் நிறுத்துவார், எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல. அவருடைய முதல் பூனை எங்கோ மருந்து வைத்த எலியைத் தின்று, சமையலறைக்கு வந்து செத்தது. இரண்டாவது துளசி. அதன் பின்னங்காலைத் தெருமுனையில் ஒரு பைக் உடைத்தது. எலும்பு கூடிய பிறகு, இனி வெளியே விடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். துளசியோ நாள் முழுவதும் பின்கதவைப் பிராண்டிக் கத்தியது.

"உள்ளயே வெச்சா பைத்தியம் புடிச்சிடும் சார். வெளிய விட்டா செத்துடும். ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். நான் குடியிருப்புச் சங்கச் செயலாளர். எதையும் ஒழுங்காகச் செய்பவன் என்று பெயரெடுத்தவன்.

அவருடைய பின்கதவுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் இடையே நாலடிச் சந்து ஒன்று உண்டு. அதைக் கூண்டாக்க முடிவு செய்தோம். ஒரு பூனைக்கு அங்கே நேரக்கூடிய ஆபத்துகளை நாட்குறிப்பில் வரிசையாக எழுதினேன்: தெருநாய், காக்கை, எலி மருந்து, உச்சிவெயில், மழைச்சாரல், கம்பியில் சிக்கும் நகம் என்று பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தீர்வும் எழுதினேன். கிரில் வேலைக்காரர் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்தார். அரை அங்குலக் கண்ணி வலையை நான் மூன்றாம் முறை இழுத்துப் பார்த்தபோது அவர் வெல்டிங்கை நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், நகக்கடைக்கே நான் இவ்ளோ கெட்டியா அட்ச்சது இல்ல. உள்ள கீறது பூனதானே?"

"நகைக்குக் கால் ஒடியாதுப்பா" என்றார் ஆபரேட்டரம்மா.

மாலை வெயில் விழும் இடம் பார்த்துப் பலகையைப் பொருத்தினோம். துளசி அதில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டு முருங்கையில் ஓடும் அணில்களைப் பார்க்கும். கீழே நாற்காலி போட்டு அவரும் உட்கார்ந்திருப்பார். கதவைப் பிராண்டும் சத்தம் நின்றது.

அந்தச் சந்தின் ஓரமாகத்தான் எங்கள் மழைநீர்க் கால்வாய் போகிறது. நாட்குறிப்பில் பதினான்கு ஆபத்துகளுக்கு இரண்டு பக்கம் தள்ளி, அதே பேனாவில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சனி மாலை ஐந்து மணி, கொசு மருந்துப் புகை. கால்வாய் நெடுக அடிக்கச் சொல்ல வேண்டும்." இரண்டையும் எழுதியது ஒரே கை. அறிவிப்பையும் நானே எழுதி ஒட்டினேன். எங்கள் அறிவிப்புப் பலகை முதல் மாடிப் படித்திருப்பத்தில் இருந்தது. முழங்கால் வலியால் ஆபரேட்டரம்மா படியேறுவதை நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது.

அன்று சனிப் பிரதோஷம். நாலு மணிக்கே மயிலாப்பூர் கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டார். அடுப்பு மேடையில் பால் இருந்ததால், துளசியைக் கூண்டில் விட்டு, அது சமையலறைக்குள் வரும் சிறு கதவைத் தாழிட்டுவிட்டுப் போனார். ஐந்து மணிக்குப் புகை இயந்திரத்தோடு வந்தவரிடம் கால்வாயைக் காட்டிவிட்டு மாடியேறினேன். என் வீட்டு ஜன்னல்கள் ஆறையும் சாத்தினேன். அந்த இயந்திரம் ஓடும்போது வேறு எதுவும் காதில் விழாது.

ஆறே முக்காலுக்கு ஆபரேட்டரம்மா திரும்பியபோது துளசி பலகைக்கு அடியில் நுரை தள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் நானும் போனேன். அந்த மருந்து பூனையின் உடம்புக்கு ஆகாது, ஓட வழியிருந்தால் ஓடித் தப்பியிருக்கும் என்றார் மருத்துவர். மறுநாள் காலை ஏழு பத்துக்குத் துளசி இறந்தது. அதே காலையில் எங்கள் தெருவில் திரியும் பூனைகள் மூன்றும் எதிர்ச்சுவரில் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டிருந்தன.

அறிவிப்பு ஒட்டியிருந்ததை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். வழக்கம்போல் ஒரு கணம் நிறுத்தினார்.

"நீங்க எழுதித்தான் வெச்சிருப்பீங்க சார்" என்றார்.

அதில் ஏளனம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் தேவலை.

அந்த வாரமே அறிவிப்புப் பலகையைக் கீழே வாசல் கேட்டருகே மாற்றினேன். இரண்டு மாதத்தில் அவர் அடையாறில் தங்கை மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கூண்டைப் பிரிக்க அதே கிரில்காரர் வந்தார். வேலை முடிந்ததும் பலகையோடு மாடிக்கு வந்து நின்றார்.

"அம்மா இத்த உங்களாண்ட குடுக்க சொல்ச்சு சார்."

வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"இல்ல சார். அவ்ளோதான்."

பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் நகம் கிழித்து மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்திருக்கிறது. கூண்டில் அந்த விளிம்பு சமையலறைக் கதவைப் பார்த்திருந்தது. புகை அடிப்பவர் இப்போதும் வருகிறார். கேட்டருகே அறிவிப்பு ஒட்டி, கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் கதவைத் தட்டி நேரிலும் சொல்லிவிட்டு மேலே வருகிறேன். ஜன்னல்களைச் சாத்துவதற்கு முன்னால் பலகையை உள்ளே எடுத்து வைக்கிறேன்.