திரும்பியதாகச் சொல்லாதவன்

"எத்தனை பேரு? எத்தனை மணிக்குத் திரும்புவீங்க? அதை மொதல்ல சொல்லுங்க, மீன் கதையெல்லாம் அப்புறம்" என்று வானொலிக் கருவியில் அதட்டிவிட்டு, கடல் மீட்பு நிலையத்தின் வானொலி அறையில் நோரீன் பாஸ்கோ வெள்ளைப் பலகையில் படகின் பெயரை எழுதுகிறார். ஆற்றுமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகும் படகுகள் அவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும், திரும்பியதும் சொல்லவேண்டும். சொன்னால்தான் பெயர் அழியும். சம்பளமில்லாத வேலை, வயது அறுபத்து நான்கு. தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை. டாக்டர் திட்டமாட்டாரா என்றால், "அவரா குடிக்கிறாரு?" என்பார்.

படகுகள் ஓய்ந்த நேரத்தில் மடிக்கணினி திறக்கும். பெலிகன் காசு என்ற கிரிப்டோ நாணயத்தின் இணைய மன்றத்துக்கும் அவர்தான் காவல். அதை உருவாக்கியவன் தன்னை ஹார்லன் என்று சொல்லிக்கொண்டான். முகத்தை யாரும் பார்த்ததில்லை. இரண்டு வருடம் நோரீனோடு தினமும் எழுத்தில் பேசினான், அவருடைய முட்டிவலி உட்பட. ஒரு செவ்வாய்க்கிழமை, "கெட்டில் கொதிக்குது, இதோ வந்துடறேன்" என்று எழுதினான். ஒன்பது வருடமாகிறது. நடுவில் நான்கு பேர் "நான்தான் ஹார்லன்" என்று வந்தார்கள். ஹார்லனிடம் மட்டுமே இருந்த முதல் ரகசியச் சாவியால், அதாவது கணினிக் குறியீட்டால், ஒப்பமிட்டுக் காட்டச் சொன்னார் நோரீன். நால்வரும் வந்த வழியே போய்ச் சேர்ந்தார்கள்.

போனவன்மேல் அவருக்குப் பாதிக் கோபம்தான். மீதி, அவன் போனதில் குளிர்காய்கிறவர்கள்மேல். ஹார்லனின் பங்குக் காசுகள் அசையாமல் கிடக்கின்றன. அவன் வந்து விற்றால் விலை சரியும். அதனால் காசு வைத்திருப்பவர்கள் பிணத்தைக்கூடப் பார்க்காமல் வருடாவருடம் அவனுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். என்ன ஜென்மங்களோ!

சென்ற சனிக்கிழமை, மீனவர் டிரெவ் டன்ஸ்டன் சாசேஜ் ரோலைக் கடித்தபடி உள்ளே வந்தார். அவரிடமும் பெலிகன் காசு உண்டு.

"விடு நோரீன். அந்த ஹார்லன் செத்திருந்தா எல்லாருக்கும் நல்லது."

நோரீன் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன மாசம் நாலு மணிக்குத் திரும்பறேன்னுட்டு, கரையேறினதைச் சொல்லாம பப்புல பீரடிச்சிட்டிருந்தியே, அன்னிக்கு மூணு படகு உன்னைத் தேடி அலைஞ்சுது. கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை கட்டிப்போச்சு. அப்ப 'செத்திருந்தா நல்லது'ன்னு நான் சொன்னேனாடா? அவன் உசுரோட இருக்கானான்னு உங்கள்ல ஒருத்தன்கூடக் கேக்கலையே!"

டிரெவ் வாயில் இருந்ததை மெல்லாமல் விழுங்கினார்.

ஐந்து மணிக்குக் கடைசிப் படகும் கரை சேர்ந்ததாகச் சொன்னது. நோரீன் ஈரத்துணியால் பலகையை மேலிருந்து துடைத்துக்கொண்டே வந்தார். அடிவரியில், 'ஹார்லன், ஒரு ஆள்'. திரும்பிய நேரத்துக்கான கட்டம் காலி. அந்த வரியைத் தொடாமல் சுற்றி வளைத்துத் துடைத்தார். மங்கியிருந்த முதல் எழுத்தின்மேல் பேனாவை வைத்து, மறுபடி அழுத்தி எழுதினார்.