வாசலில் கால் கழுவும் சத்தம்

இறக்கக்கண்டியில் என் சிநேகிதியின் வீட்டு வாசற்படியோரம் ஒரு நீல வாளி இருக்கும். கைபிடி கழன்று நைலோன் கயிறு கட்டிய வாளி. பக்கத்தில் ஒரு பால்மாத் தகரப் பேணி. கடலுக்குப் போய் வருகிறவர்கள் மணற்காலோடு வீட்டுக்குள் ஏறமாட்டார்கள். பேணியால் தண்ணீர் அள்ளிக் கால் கழுவிவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்கள். அவளுடைய அப்பா தொழிலுக்குப் போன வள்ளம் திரும்பி வராமல் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவளுடைய அம்மா நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. பொழுதுபட முன் அந்த வாளியை நிரப்பி வைப்பதையும் விடவில்லை.

அவளை நாங்கள் ‘டைரக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவோம். முதலில் அது நக்கல், பிறகு மரியாதை. கம்பஸில் குறும்படம் எடுக்கச் சொன்னபோது, சீட்டுக் குலுக்கியதில் எங்கள் குழுவுக்கு விழுந்தது பேய்ப்படம். ஒலிப்பதிவு என்னுடைய வேலை. எனக்கென்றால் வாயெல்லாம் பல். நாய் ஊளையிட வேண்டும், விளக்கு அணைய வேண்டும், கதவு கிறீச்சிட வேண்டும், கடைசியில் வெள்ளைச் சேலையும் விரித்த தலைமயிருமாக ஒன்று வந்து நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம். எங்களுக்குப் படிப்பித்த சேரும், “பேய்ப்படத்துக்கெண்டு ஒரு முறை இருக்குது. அதை விட்டிட்டு வித்துவம் காட்டாதேங்கோ” என்று சொல்லியிருந்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஊளையை வைத்தாள், விளக்கை அணைத்தாள், கதவைக் கிறீச்சிட வைத்தாள். பேயை மட்டும் வைக்கவில்லை.

“பேயில்லாமல் என்ன பேய்ப்படம்? உனக்கு விசரே?” என்று துள்ளினேன்.

“எல்லாப் படத்திலயும் பேய் வந்தா ஆக்கள் ஓடுவினம். வரமாட்டாரோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிற வீட்டுக்கு வந்தா?” என்றாள்.

எழுதி வைத்திருந்த கதையை எடுத்துக் காட்டினாள்.

தனியே இருக்கும் ஒரு பெண். வெளியே இருட்டில், வாசலடியில், யாரோ தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம். அவள் எழுந்து கதவை நோக்கி மெல்ல மெல்ல நடக்கிறாள். திறக்கிறாள். வெளியே நிற்பவரை நாங்கள் பார்ப்பதில்லை. “சோறு போடட்டே?” என்று கேட்கிறாள். அவ்வளவுதான் படம். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை, சிநேகிதியின் அம்மா சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில், அதே நீல வாளியில்தான் பதிவுசெய்தேன். டைரக்டரம்மா தானே கால் கழுவினாள். முடிந்ததும் வாளியை நிரப்பி, பேணியை இருந்த இடத்திலேயே வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேயென்றால் செத்தவர். அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. “அம்மாவுக்குக் காட்டாதை, தாங்கமாட்டா” என்றேன். “அம்மா பாக்கேலாத படத்தை நான் ஏனடா எடுக்க வேணும்?” என்றாள். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் திரையிட்டோம். அம்மா முன்வரிசையில். டைரக்டரம்மா என் பக்கத்தில். நாய் ஊளையிட்டபோது பெடியன்கள் சேர்ந்து ஊளையிட்டார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் மண்டபம் கப்சிப். அந்தப் பெண் கதவை நோக்கி நடக்க நடக்க, பின்னாலிருந்து ஒருத்தி, “ஐயோ, திறக்காதையடி!” என்று கத்தியே விட்டாள். படம் முடிந்ததும் சேர் எழுந்து வந்து, அந்த நடையைத்தான் மெச்சினார். நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டதாம்.

வெளியே வீதியோரம், அங்கே மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று கடதாசிப் பையை மென்றுகொண்டு நின்றது. அம்மா அதையே பார்த்தபடி நின்றா.

“கோவமோ அம்மா?” என்றாள் டைரக்டரம்மா.

“அவள் ஏனடி கதவைத் திறக்க அவ்வளவு நேரம் எடுத்தவள்? நானெண்டா ஓடிப்போய்த் திறந்திருப்பன்.”

அடுத்த நாளே டைரக்டரம்மா அந்த நடையை முழுதாக வெட்டி எறிந்தாள். முதல் பேணித் தண்ணீர் விழுகிறது, கதவு திறந்து கிடக்கிறது. பரீட்சைப் புள்ளி போடுவதற்காகத் திரும்பப் பார்த்த சேருக்கு முகம் கறுத்துவிட்டது. “என்ன பிள்ளை, பயமே போயிட்டுதே!”

“ஓம் சேர். அதுக்குத்தான்.”

புள்ளி குறைந்தது. எங்கள் குழுவில் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. எத்தனையோ படங்களுக்கு ஒலி செய்துவிட்டேன். அப்படி ஒரு வெட்டை வெட்ட நெஞ்சுரமுள்ள இன்னொருவரை நான் காணவில்லை.

போன மாதம் என் கல்யாணக் காட் கொடுக்க இறக்கக்கண்டிக்குப் போனேன். டைரக்டரம்மா இப்போது கொழும்பில். அம்மா மட்டும்தான் வீட்டில். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸால் இறங்கி மணலுக்குள்ளால் நடந்து வந்த கால். வாசலில் நீல வாளி தளும்பத் தளும்ப நின்றது. பேணியால் அள்ளி ஒரு காலில் ஊற்றினேன்.

உள்ளே எதுவோ விழுந்து உருண்டது. கதவு திறந்தது. கையில் சோற்றகப்பையோடு, மூச்சு வாங்க, அம்மா நின்றா. என் முகத்தைப் பார்த்தா. பிறகு, பாவம், சிரித்தா.

“தம்பியே... வாங்கோ, வாங்கோ.”

மற்றக் காலைக் கழுவாமலே நின்றுகொண்டிருந்தேன்.